பட்டாளத்து மாப்பிள்ளையிடம் ஒரு சம்மதம்

"அடுத்த லீவுக்கு வந்தீங்கன்னா, சண்டைக் கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எங்கப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க மச்சான்."

"என்னன்னு கேக்கறது நாச்சி?"

"அதையும் நானே சொல்லித் தரோணுமாக்கு? இத்தனை வருசம் பட்டாளத்துல உங்களுக்கு என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?"

தலையில் சோளத்தட்டுக் கட்டோடு வாய்க்கால் மேட்டில் நின்று நாச்சம்மாள் இதைக் கேட்டாள். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டை முடிந்து, கந்தப்பன் முதல் தடவையாக லீவில் வந்திருந்த சமயம் அது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டுப் போனவன், ராஜஸ்தானத்து மணலில் எத்தனையோ இரவுகள் படுத்தபடி அந்தப் பதிலைத் தயார் செய்தான்.

தயார் செய்து என்ன பயன்? அடுத்த லீவுக்கு வந்தபோது நாச்சியின் அப்பா, மாமன் மாரப்பன், தோட்டத்து வாசலில் கட்டில்களைப் போட்டு அக்கம்பக்கத்தார் எல்லோரையும் கூட்டி வைத்திருந்தார். "சொல்லுங்க மாப்பிள்ளை, எல்லையில என்ன நடந்துச்சு?" என்றார். கந்தப்பன், "ராத்திரி வண்டியக் கெளப்பினோமுங்க மாமா" என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான். மீதியை மாமனே சொல்லி முடித்துவிட்டார். அதற்கடுத்த லீவில் மாரியம்மன் நோன்பு. மேடையில் ஏற்றி மாலை போட்டு, "ஒத்தை ஆளா ஒரு டேங்கையே ஒடச்சுப்போட்டு வந்தவருங்க எங்க மாப்பிள்ளை" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். மாலையும் கழுத்துமாக நிற்கிறவன் பெண் கேட்க முடியுமா?

மாமன் வேண்டுமென்றேதான் பேச்சை மாற்றுகிறார் என்று கந்தப்பனுக்கு ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. கேட்பதற்கு இடமே கொடுக்காவிட்டால் மறுக்க வேண்டிய சங்கடமும் இல்லை அல்லவா? தாய் தகப்பன் இல்லாதவனுக்காக முன்னால் நின்று பேசவும் ஆளில்லை.

இப்போது எழுபத்து நான்கு ஆவணி. பட்டாளத்தில் கணக்கை முடித்துக்கொண்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டியோடு ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டான். தன் ஊருக்குக்கூடப் போகவில்லை. பொள்ளாச்சியில் பஸ் ஏறி நேரே மாமன் தோட்டத்துக்குக் கிளம்பினான்.

கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டில் பஸ் நின்றது. அரிசி கடத்துகிறார்களா என்று மூட்டைகளைக் குத்திப் பார்த்துக்கொண்டு வந்த மலையாளத்துப் போலீஸ்காரர், இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மூடியில் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்த பெயரையும் நம்பரையும் பார்த்ததும் குரல் குழைந்தது.

"பட்டாளத்திலாணோ?"

"ஆமாங்க. இப்ப வந்துட்டேன்."

போலீஸ்காரர் அரிசியை மறந்து, ஜன்னலருகே குனிந்தார். "குப்பி உண்டோ சாரே?"

பட்டாளத்து ரம் குப்பி இல்லை என்று கேட்டதும் அவருக்கு வந்த வருத்தத்தைப் பார்த்தால், பெட்டி நிறைய அரிசி இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

கந்தப்பன் மாமன் ஊரில் இறங்கி டீக்கடையில் நின்றதுதான் தப்பாகப் போயிற்று. பெஞ்சிலிருந்த எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

"எத்தனை பேரச் சுட்டீங்க?"

"அங்க சப்பாத்தி மட்டுந்தானாமா? சோறே கண்ணுல காட்ட மாட்டாங்களாமா?"

"இந்தூர்க் கள்ளு குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சுங்க. அடுத்த தடவை ரம்மு ஒண்ணு..."

வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த வள்ளியாத்தாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பட பேரனும் பட்டாளத்துலதான் சாமி இருக்கறான். செவப்பா, ஒசரமா இருப்பான். பார்த்தியா?"

"எந்த ஊருலீங்க ஆத்தா?"

"அதென்னமோ பனி பெய்யற ஊராமா. நீங்கெல்லாம் ஒண்ணா உக்காந்துதான சோறு உங்கறீங்க? பார்க்காமயா இருந்திருப்ப?"

"நல்லாத்தான் இருப்பானுங்க ஆத்தா. பனியில இருக்கறவங்களுக்கு நெம்பக் கெட்டியான கம்பளிச் சட்டை குடுப்பாங்க."

கிழவிக்கு அதுவே போதுமாயிருந்தது. டீக்கடைக்காரர்தான் போகிற போக்கில் குண்டைப் போட்டார். "மாரப்பண்ணன் தோட்டத்துக்குங்களா? இன்னைக்கு அங்க பொள்ளாச்சிக்காரங்க பொண்ணு பார்க்க வராங்களே. கார்கூட இப்பத்தான் போச்சு. பிடிச்சிருந்தா இன்னைக்கே தட்டு மாத்தறதாப் பேச்சு."

கந்தப்பன் பெட்டியைத் தோளில் ஏற்றினான். டீ ஆறிப்போகுதே என்று யாரோ கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை.

தோட்டத்துப் புளியமரத்தடியில் அம்பாஸடர் கார் நின்றது. வாசலில் விரித்திருந்த ஜமக்காளத்தில் பொள்ளாச்சிப் பெரியவர் கருப்புசாமி, எண்ணெய் மில் முதலாளி, வேட்டியைத் தழையக் கட்டி அமர்ந்திருந்தார். அருகில் அவர் மகன் நஞ்சப்பன், இஸ்திரி மடிப்புக் கலையாமல், எப்போது கிளம்பலாம் என்ற முகத்தோடு இருந்தான்.

தோளில் பெட்டியோடு கந்தப்பன் வந்து நின்றதைப் பார்த்ததும் மாமன் துள்ளி எழுந்தார்.

"வந்துட்டாரு பாருங்க எங்க பட்டாளத்து மாப்பிள்ளை! நான் சொன்னனில்லீங்க? டேங்க ஒடச்சவரு! வாங்க மாப்பிள்ளை, வாங்க, இப்படி நடுவுல உக்காருங்க!"

"மாமா, உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"எல்லாம் அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல இவங்களுக்கு அந்த டேங்கு விசயத்தைச் சொல்லுங்க."

நஞ்சப்பனின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. நகர்ந்து வந்து கந்தப்பனை ஒட்டி உட்கார்ந்தான். "சண்டைன்னா எனக்கு உசுருங்க. பேப்பர்ல வந்த படமெல்லாம் வெட்டி வெச்சிருக்கறேன். பீரங்கிச் சத்தம் எத்தனை தூரத்துக்குக் கேக்குமுங்க?"

அந்தக் கேள்வியின் நடுவில்தான் நாச்சம்மாள் காபித் தட்டோடு வந்தாள். அரக்குப் பட்டுப் புடவை, காதோரம் கதம்பம். ஆனால் யார் பார்த்தார்கள்? நஞ்சப்பன் கையை மட்டும் நீட்டி டம்ளரை எடுத்துக்கொண்டான். "ராத்திரியில சுட்டா நெருப்பு தெரியுமுங்களா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். கருப்புசாமியும், கூட வந்த உறவுக்காரர்களும் கந்தப்பனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி டம்ளரைக் கந்தப்பனிடம் நீட்டும்போது நாச்சம்மாள் உதடு அசையாமல் பேசினாள்.

"கேட்டாச்சுங்களா?"

"எங்க உட்டாங்க?"

"சரி, அவசரமில்லீங்க. குண்டெல்லாம் போட்டு முடிச்சுட்டு மெதுவாக் கேளுங்க. என்னைக் காருல ஏத்தி அனுப்பின பொறகு கேட்டாலும் போதும்."

புடவை சரசரக்க உள்ளே போனாள். கதவு பட்டென்று சாத்திக்கொண்டது. காபி சூடாக இருந்தும் கந்தப்பன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். இந்தக் கதை இருக்கிறவரை தனக்குப் பேச வாய் கிடைக்காது என்பது அவனுக்கு விளங்கிவிட்டது.

"நான் ஒருத்தரையும் சுட்டதில்லீங்க" என்றான்.

நஞ்சப்பனின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "அப்ப அந்த டேங்கு?"

"டேங்கு போன தடத்துல வண்டி ஓட்டியிருக்கறேன். அதுகூட நம்ம டேங்குதானுங்க. நான் லாரி டிரைவருங்க."

"லாரியில குண்டு கொண்டு போனீங்களாக்கு?" என்றார் கருப்புசாமி, கொஞ்சம் நம்பிக்கையோடு.

"உருளைக்கெழங்குங்க. அப்பறம் வெங்காயம், பருப்பு, மாவு மூட்டை."

மாட்டுத் தொழுவத்தில் எருமை ஒன்று கனைத்தது.

"அப்படீன்னா," நஞ்சப்பன் யோசித்து யோசித்துச் சொன்னான், "எங்க மில்லு லாரி ஓட்டற ஆளும் நீங்களும் ஒண்ணுதானுங்களே!"

"அவரு குடுத்து வெச்சவருங்க. அவருக்கு ரோடு இருக்குது. எங்களுக்கு வெறும் மணலு. சக்கரம் பொதைஞ்சா மூட்டையெல்லாம் எறக்கி, பலகை போட்டுத் தள்ளி, மறுபடி ஏத்தோணும். ஒரு ராத்திரி அப்படித் தள்ளிட்டிருந்தப்ப மேல விமானம் வந்துச்சுங்க. விளக்கை அணைச்சுப்போட்டு லாரிக்கு அடியில குப்புறப் படுத்துட்டேன். நெம்பப் பயந்துட்டேனுங்க. எங்கம்மா பேரைச் சொல்லித்தான் கத்தியிருப்பேன். விடியக்காலம் போய்ச் சேர்ந்தா, ரெண்டு நாளாப் பட்டினி கெடந்த பசங்க, பச்சை வெங்காயத்தைக் கடிச்சுட்டே என்னைத் தூக்கிச் சுத்தினாங்க. எம்பட சண்டை அவ்வளவுதானுங்க."

கதவருகே நின்ற அத்தை ஜானகியம்மாள், நாச்சியின் அம்மா, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "சோத்து வண்டிதானாக்கும்! அடக் கண்ணு, இதை மொதல்லயே சொல்லப்படாதா? எத்தனை உசுர எடுத்த கையோன்னு, ஒவ்வொரு தடவை சோறு போடறப்பவும் எனக்குப் பக்குபக்குங்கும்!"

கருப்புசாமி முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாமன் ஒருவர்தான் சிரிக்கவில்லை. முகம் அவியாத சேனை போல் இறுகிக் கிடந்தது.

"மைக்கு வெச்சுச் சொன்னனே மாப்பிள்ளை. வெளியூர்க்காரனெல்லாம் கேட்டுட்டுப் போனானே."

"நான் டேங்குன்னு ஒரு நாளும் சொல்லலீங்களே மாமா."

"இல்லைன்னும் சொல்லலீங்களே!"

"சொல்ல எங்க உட்டீங்க? நான் வாயத் தொறந்தா நீங்கதான மூடறீங்க?"

இதற்கும் ஒரு சிரிப்பு கிளம்பியது. மாமனுக்குக் காது சிவந்துவிட்டது. இந்தப் பேச்சை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று நினைத்தவர் போல, உள்ளே குரல் கொடுத்துத் தாம்பூலத் தட்டை வரவழைத்தார். வெற்றிலை, கொட்டைப் பாக்கு, மஞ்சள், ஒரு புது வேட்டி.

"பேச்சுல பொழுது போயிருச்சுங்க. நல்ல நேரம் இருக்கறப்பவே தட்டை மாத்திக்கலாமுங்களா?"

கருப்புசாமி தொண்டையைக் கனைத்தார். "அதுக்கு முன்னாடி ஒண்ணுங்க. பொண்ணுக்கு முறைக்காரங்க யாராச்சும் இருக்காங்களா? அவங்க வாயால சம்மதம் சொல்லாம நாங்க தட்டுல கை வைக்கறதில்லீங்க."

அவர் புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அத்தை மகன் ஒருவன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுப்பதானால், அவனைக் கூப்பிட்டுத் தட்டை நீட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். அவன் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டால் சரி என்று பொருள். பெரும்பாலும் வெற்றிலையை எடுத்து மென்றுகொண்டே, கொடுத்த வேட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடுவான்.

"இருக்காருங்களே," என்றார் மாமன். "இவருதான். எம்பட அக்கா மகன்."

கருப்புசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, முறை மாப்பிள்ளையைப் பக்கத்துலயே வெச்சுட்டா எங்களுக்குச் சொல்லி அனுப்பினீங்க?"

"என்னங்க நீங்க!" மாமனின் குரல் உயர்ந்தது. அதில் கோபமும் இருந்தது, பல வருஷத்து ஆற்றாமையும் இருந்தது. "லாரியோ டேங்கோ, நாடு நாடாப் போய் வந்தவரு. இந்தி பேசறாரு, இங்கிலீசு பேசறாரு. போலீசே சலாம் போடுது. அப்பேர்ப்பட்டவருகிட்டப் போய், சாணி அள்ளற எம்பட புள்ளையக் கட்டிக்குங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேப்பேன்? பொண்ணப் பெத்தவன் வலியப் போய்க் கேக்கறதும் மொறையில்லீங்க. ஒவ்வொரு தடவை வர்றப்பவும், இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு பார்த்துட்டுத்தான் இருந்தேன். ஊரைக் கூட்டிப் பெருமை பேசினதும் அதுக்குத்தான். சந்தோசத்துல கேட்டுப்போடுவாரோன்னு. அவரு கதையச் சொன்னாரு, காப்பியக் குடிச்சாரு, பஸ் ஏறிப் போயிட்டாரு. எம்புள்ளையும் எத்தனை நாளைக்குத்தான் காத்திருப்பா?"

தன்னை வாயடைக்க என்று கந்தப்பன் நினைத்தானே, அந்த ஆர்ப்பாட்டம் முழுவதும் தன் வாயைத் திறக்க வைப்பதற்கா?

மாமன் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி அவன் முன்னால் நீட்டினார். "சம்மதத்தைச் சொல்லி ஒரு வெத்தலைய எடுத்துக்குங்க மாப்பிள்ளை."

உள்ளே பாத்திரங்களின் சத்தம் நின்றுவிட்டது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. நஞ்சப்பன் அதைக் கவனித்தான். வந்ததிலிருந்து அவன் அந்தப் பக்கம் பார்த்தது அதுதான் முதல் தடவை. கந்தப்பனின் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, அவனுக்கு இடம் விடுகிறவன் போலச் சற்றே நகர்ந்து உட்கார்ந்து, மீசைக்குள் சிரித்துக்கொண்டான்.

கந்தப்பன் எழுந்து நின்றான். கால்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன, முதுகு நிமிர்ந்தது. ஆனால் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெற்றிலையை எடுக்காமல் தட்டின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டான்.

"மாமா," என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "சம்மதமில்லீங்க. நாச்சிய எனக்குக் குடுங்க."