விடுதலை செய்யும் வரை ஹர்த்தால்

தாழைமுனைப் பிரதேச சபையில் மணல்மேட்டைக் குத்தகைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்கிற வாக்கெடுப்பு வியாழக்கிழமை காலையில். அதற்கு முன்னே திங்கட்கிழமை ஊர்ச்சனம் பிரதான வீதியை மறிக்கப் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் இன்பாஸ். அவனுடைய மனைவி றாபியா அந்தச் சபையில் ஓர் உறுப்பினர்.

இன்பாஸுக்கு ஹாட்வெயார் கடை. ஆணியும் பெயின்ற்றும் குழாயும் விற்கிறவனுக்கு அரசியலில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவனும் அதையேதான் கேட்பான். ஆனாலும் றாபியா தேர்தலில் நிற்கப் போகிறேன் என்று சொன்ன அன்று அவன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அவர்களுடைய ஒரே பிள்ளை அப்ராஸ் டெங்குக் காய்ச்சலில் மௌத்தாகி, கடற்கரை மையவாடியில் கிழக்கு ஓரமாக அடக்கப்பட்டிருந்தான். அடுத்த மாரியிலேயே கடல் வந்து மையவாடி மதிலில் பாதியை விழுங்கிவிட்டுப் போனது. மிச்சத்தைக் காத்து நிற்பது தாழம்புதர் படர்ந்த அந்த மணல்மேடு ஒன்றுதான்.

அதை அள்ளி விற்கக் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி வந்திருந்தது. சபைத் தலைவரான தவிசாளர் மசூர் ஹாஜியார் கம்பனிக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டுப் புரியாணி கொடுத்ததை ஊரே பார்த்தது. மேடு போனால் மையவாடி போகும். மையவாடி போனால் பிள்ளையும் போவான். சபையில் குத்தகையை எதிர்க்கிறவர்கள் பக்கம் ஒரே ஒரு கை கூடுதல். அந்த ஒரு கையை நம்பித்தான் இன்பாஸ் நித்திரை கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் சோறு தின்னும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

“நாளைக்கு நீ வீதிக்குப் போகப்படா,” என்றான். “சனம் ஒனக்கு வோட்டுப் போட்டது சபையில கை உசத்துறத்துக்கு. வீதியில குந்தி பொலிசிட்ட புடிபடுறத்துக்கில்ல. கொண்டு போய் அடைச்சிட்டா வியாழக்கிழம யாரு கை உசத்துற?”

“அப்ப சனம் வெயில்ல குந்தியிரிக்க, நான் கதிரையில குந்தியிரிக்கவா?”

“ஓம். அதுக்குத்தானே கதிர.”

“பக்கத்து ஊர் மெம்பர் வல்லிபுரம் அண்ணன்ட ஆக்களெல்லாம் வாறாங்க. கரைவல இழுத்து மீன் புடிக்கிற மனிசர். அவங்கட கரைக்காக மட்டுமில்ல, எங்கட மையவாடிக்காகவும் சேத்துத்தான் வாறாங்க. நான் வீட்டுக்குள்ள இரிந்தா என்ன நினைப்பாங்க?”

“புத்தியுள்ள பொம்புள எண்டு நினைப்பாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “சபையில நான் எழும்பிக் கதைச்சா ஹாஜியார் மைக்க நிப்பாட்டுறாரு. வீதியில கதைச்சா நாலு பேருக்காவது கேக்கும். தெரிவாகின ஆள் புடிபட்டாத்தான் பேப்பர்லயும் போடுவான்,” என்றாள்.

உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் கதையிலும் நியாயம் இருந்தது. ஒருவருடைய கதை சுத்தப் பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். இன்பாஸ் தட்டைக் கழுவாமல் எழுந்து கடைக்குப் போனான். அவள் அன்று பின்னேரம் கறுப்பு அபாயாவைக் கழுவிக் காயப் போட்டாள்.

திங்கட்கிழமை வீதி நிறையச் சனம். தொப்பி போட்டவர்களும் திருநீறு பூசியவர்களும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கரையில் அப்படியொரு காட்சி அடிக்கடி வாய்ப்பதில்லை. பொலிஸ் பொறுப்பதிகாரி நீதிமன்றத் தடையுத்தரவை வாசித்தார். பிறகு றாபியாவிடம் வந்து, தெரிந்த தமிழில், “மெம்பர், நீங்க வீட்டுக்குப் போங்க. உங்களத் தொட மாட்டம்,” என்றார். நல்ல மனிதர்தான். அவர் விட்ட வழியில் அவள் எழுந்து போயிருக்கலாம்.

முன்வரிசையில் இருந்த கரைவலைக்காரர் இரண்டு பேரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். றாபியா எழுந்தாள். வீட்டுப் பக்கம் போகாமல் ஜீப் பக்கம் போனாள். “அவங்கள ஏத்தினா என்னையும் ஏத்துங்க. வீதிக்கு வரச் சொன்னது நான்,” என்றாள். அவள் படியில் கால் வைத்ததும் பின்னால் இருந்த பெண்கள் கலியாண வீட்டில் போடுவது போலக் குரவை போட்டார்கள். கடை வாசலில் நின்ற இன்பாஸுக்கு மயிர் கூச்செறிந்தது. என்ட பொஞ்சாதி என்று நெஞ்சு நிமிர்ந்தது. அதே நெஞ்சுக்குள் வியாழக்கிழமை என்று ஒன்று குத்திக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை நீதவான் மூன்று பேருக்கும் பிணை கொடுத்தார். ஆனால் பிணையாளிகளுக்குக் கிராம சேவகரின் வதிவிடச் சான்று வேண்டும். அதில் பிரதேச செயலாளரும் மேலொப்பம் வைக்க வேண்டும். வழக்கு முடியும்போது அலுவலகங்கள் பூட்டுகிற நேரமாகிவிட்டதால், மூன்று பேரையும் மட்டக்களப்புச் சிறைச்சாலைக்கு மறியலில் வைக்கக் கொண்டு போனார்கள். இன்பாஸைக் காக்கா என்றும் றாபியாவை ராத்தா என்றும் அண்ணன் அக்கா முறையில் கூப்பிடுகிற சட்டத்தரணி ஜெஸீம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

“காக்கா, நாளைக்குக் காலையில ரெண்டு ஒப்பத்தையும் எடுத்துக் கொண்டாங்க,” என்றார். “பகலைக்கு ராத்தா வெளியில வந்திருவாங்க. வியாழக்கிழமைக்குத் தாராளமா நேரமிரிக்கு.”

ஓம் ஓம் என்று தலையாட்டினான் இன்பாஸ். ஆனால் அவன் கண் சிறை வண்டியின் கம்பிக்குப் பின்னால் தெரிந்த அபாயாவில் இருந்தது. காதில் விழுந்தது பாதிதான்.

மஃரிபு தொழுகை முடிந்து பள்ளி முற்றத்தில் ஊர் கூடி நின்றது. “ஒரு பொம்புளய மறியல்ல போட்டிரிக்கான், ஊர் சோறு திண்டுட்டுப் படுக்கப் போகுதா?” என்று யாரோ சொன்னார்கள். சொன்னவன் முகத்தை இன்பாஸ் பார்க்கவில்லை. ஊர் முழுக்கத் தன் முகத்தைப் பார்ப்பதாகத்தான் அவனுக்குப் பட்டது. பொஞ்சாதி மறியலில், புருசன் தொப்பியோடு வீட்டுக்கு என்று நாளைக்குச் சிரிப்பார்கள். போகாதே போகாதே என்று சொன்ன அதே வாய் இப்போது எல்லாரையும் விடப் பெரிதாகத் திறந்தது.

“ஹர்த்தால் போடுவம்,” என்றான். “றாபியாவ விடுதல செய்யுமட்டும் ஊர்ல ஒரு கதவும் துறக்கப்படா. கட, பள்ளிக்கூடம், அரசாங்கக் கந்தோர், ஒண்டும்.”

சனம் அல்லாஹு அக்பர் என்றது. இந்த ஊர்களில் கோபம் வந்தால் முதலில் செய்வது தன் கடையைத் தானே பூட்டுவது. பிறந்ததிலிருந்து பழகியது, யாரும் இரண்டு தரம் யோசிப்பதில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மசூர் ஹாஜியார் வந்தார். இன்பாஸைக் கட்டிப் பிடித்தார்.

“மணல் விசயத்துல நாங்க வேற வேறதான் தம்பி. ஆனா இது ஊர்ட மானம். என்ட ஆக்களும் பூட்டுவாங்க. பிரதேச செயலகத்துக்கும் பொடியன்மார நான் அனுப்புறன்.”

அந்த அத்தர் மணக்கும் தோளில் முகத்தை வைத்து இன்பாஸ் அழுதான். இரண்டு நாளாக அடக்கி வைத்த அழுகை. எதிரி என்று நினைத்த மனிதன் இவ்வளவு நல்லவனா என்றுகூட நினைத்தான். பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தல் போனது. சகோதரி றாபியா அவர்களை விடுதலை செய்யும் வரை ஹர்த்தால்.

புதன்கிழமை ஹர்த்தால் என்றால் அதுதான் ஹர்த்தால். தேத்தண்ணிக் கடை முதல் பார்மசி வரை பூட்டு. சந்திக்குச் சந்தி டயர் எரிந்தது. கிராம சேவகர் அடுத்த ஒழுங்கைக்காரர்தான். கட்டியிருந்த சாரத்தோடு வாசலுக்கு வந்து ஒப்பமிட்டுச் சீலும் குத்திக் கொடுத்தார். பாதி வேலை முடிந்தது என்று சந்தோசமாக மோட்டார் சைக்கிளைப் பிரதேச செயலகத்துக்கு விட்டான் இன்பாஸ்.

கேற்றில் சங்கிலி. சங்கிலிக்கு முன்னால் பத்துப் பதினைந்து இளைஞர்கள். அவனைக் கண்டதும் எழுந்து ஸலாம் சொன்னார்கள்.

“காக்கா, ஒரு ஈ கூட உள்ளுக்குப் போகல்ல,” என்றான் ஒருவன், பெருமையோடு.

“துறங்கடா. ஒரு ஒப்பம் எடுக்கணும்.”

“ராத்தா வெளியில வந்தாத்தான் துறப்பம். நீங்கதானே காக்கா சொன்ன.”

“அவ வெளியில வாறத்துக்குத்தாண்டா ஒப்பம்.”

அந்த இளைஞன் புரியாமல் பார்த்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நேற்று ராத்திரி ஊரில் யாருக்குமே அது புரியவில்லை. சங்கிலியைக் கழற்றினார்கள். கழற்றி என்ன பயன், உள்ளே காவலாளியைத் தவிர ஆளில்லை. பிரதேச செயலாளர் வெளியூர்க்காரர். காலையில் வந்தவர் எரிகிற டயரைக் கண்டு வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தொலைபேசியில் பிடித்தபோது, நிலைமை சரியானால் நாளைக்கு வருகிறேன் என்று மரியாதையாகச் சொன்னார். மசூர் ஹாஜியாருக்குக் கோல் அடித்தான். தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் இன்பாஸுக்கு நேற்றைய தோளின் அர்த்தம் விளங்கியது. செயலகம் பூட்டியிருந்தால் ஒப்பமில்லை, ஒப்பமில்லாவிட்டால் சபையில் ஒரு கை குறையும்.

பகல் திரும்பி வல்லிபுரம் கோல் எடுத்தார். அவர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்தின் உறுப்பினர், சபையில் றாபியாவோடு ஒரே பக்கம் கை உயர்த்துகிறவர்.

“தம்பி, எங்கட பொடியன் ரெண்டு பேரும் வெளியில வந்திற்றானுகள். எங்கட பக்கத்துக்கு வேற செயலகம்தானே, அங்க காலமையே ஒப்பம் வெச்சுத் தந்திட்டாங்க. றாபியாவ ஏன் இன்னும் எடுக்கல்ல?”

“எங்கட ஊர்ல ஹர்த்தால் அண்ணன்.”

“ஆருக்காக?”

இன்பாஸ் கையிலிருந்த சான்றை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். வல்லிபுரமே குரலைத் தணித்து, “நாளைக்கு விடியவே எடுங்க தம்பி. நான் சபையில எழும்பி நிண்டு கதைச்சு எவ்வளவு இழுக்கேலுமோ அவ்வளவு இழுக்கிறன்,” என்றார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு இன்பாஸே பள்ளிக்குப் போய் ஹர்த்தாலைக் கைவிடச் சொல்லிக் கெஞ்சினான். நிருவாகத்தினர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விடுதலை செய்யும் வரை என்று அறிவித்துவிட்டு, விடுதலைக்கு முன்னே கைவிட்டால் ஊருக்கு வெட்கம் என்றார் ஒருவர். வெட்கம் என்கிற சொல்லைக் கேட்டதும் அவனுக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அதே வெட்கத்துக்குப் பயந்துதான் நேற்று அவன் வாய் திறந்தான். அழுது பிடித்துத்தான் ஹர்த்தால் முடிந்தது என்று அறிவித்தல் போட வைத்தான்.

வியாழக்கிழமை பிரதேச செயலாளர் வந்தார். கதிரையில் உட்காரு முன்னமே ஒப்பம் வைத்துக் கொடுத்தார். ஒரு பேனை ஓடுகிற நேரம், அவ்வளவுதான். இன்பாஸ் நீதிமன்றப் படியில் ஜெஸீமிடம் தாளை நீட்டும்போது வல்லிபுரத்தின் அழைப்பு வந்தது.

“ஏலுமான மட்டும் இழுத்தன் தம்பி. மைக்க நிப்பாட்டினான். சத்தம் போட்டுக் கதைச்சன். பிறகு வாக்கெடுப்புக்கு விட்டான். சரிக்குச் சரி வந்திற்று. தவிசாளர் தன்ட மேலதிக வாக்கப் போட்டு முடிச்சிற்றார்.”

றாபியா பின்னேரம்தான் வெளியில் வந்தாள். வாசலில் இளைஞர்கள் மாலையோடு நின்றார்கள். “புலி ராத்தா” என்று ஒருவன் கத்தினான். அவள் மாலையைக் கையில் வாங்கி, அதே கையால் பக்கத்திலிருந்த ஒருவனிடம் கொடுத்துவிட்டு வான் வண்டியில் ஏறினாள். கதவு பூட்டியதும், “எத்தன?” என்று கேட்டாள்.

“சரிக்குச் சரி. ஹாஜியார் போட்டுட்டாரு.”

“ஒப்பத்துக்கு ஏன் ரெண்டு நாள் போன?”

பொய் சொல்ல அவனுக்கு ஆயிரம் வழி இருந்தது. பிரதேச செயலாளர் வரவில்லை என்றால் அதுவும் உண்மைதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் முடியவில்லை. பள்ளி முற்றத்தில் தான் சொன்னதை, மசூர் கட்டிப் பிடித்ததை, தான் அழுததை, சங்கிலியை, எல்லாம் சொன்னான். முடிவில், “நீ வீதிக்குப் போகாம இரிந்திரிந்தா...” என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டு நிறுத்திக்கொண்டான்.

“ஓம், நான் போகாம இரிந்திரிக்கணும்,” என்றாள் றாபியா. “நீங்களும் கதைக்காம இரிந்திரிக்கணும்.”

வண்டி கல்லாற்றுப் பாலத்தைத் தாண்டியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். சாரதி வானொலியைப் போடப் போனான், இன்பாஸ் வேண்டாம் என்று சைகை காட்டினான்.

“எப்ப வெட்டத் தொடங்குவாங்களாம்?”

“வாற மாசமாம்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். சபையில் ஏதோ பிரேரணை சொல்கிற மாதிரி, நிதானமாக, அவன் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

“மௌலவிட்ட கேளுங்க, பிள்ளைட கபுற வேற இடத்துக்கு மாத்த மார்க்கத்துல இடமிரிக்கா எண்டு. கடல் கொண்டு போற எண்டா இரிக்கும் எண்டுதான் நினைக்கன். மாரிக்கு முன்ன பிள்ளைய எடுத்து ஊருக்கு உள்பக்கமா வைக்கணும்.”

“வழக்குப் போடலாம் புள்ள. ஜெஸீம் சொன்னாரு...”

“வழக்கும் போடுவம். கடல் வழக்குத் தவண பாத்துக்கொண்டு நிக்காது. பொம்புள நான் மையவாடிக்குள்ள வரயேலா. நீங்கதான் தோண்டணும். வேற ஆள விடாதீங்க, மண்வெட்டியால பாத்து வெட்டமாட்டாங்க.”

இன்பாஸ் ஓம் என்று சொன்னான்.

“பிள்ளையச் சுத்துற கபன் துணியும் புதுசா எடுக்கணும்,” என்றாள். “முந்தி எடுத்தளவு தேவப்படாது. சின்னதா எடுத்தாப் போதும்.”