கட்டம் போட்ட சட்டை

சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்த அன்று மாலை, முத்துமாரி ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நின்றாள். ஆனைக்குட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கூடவே கொழுந்தன் இருளாண்டி. அவள் புருஷன் அருள்பாண்டிக்கு அந்த அறையில்தான் வேலை. 2005, தீபாவளி சீசன்.

ஏட்டு நோட்டைத் திறந்தார். "என்ன சட்டைம்மா போட்டிருந்தாரு?"

"கட்டம் போட்ட சட்டைங்கய்யா. நீலம்."

ஏட்டு எழுதாமல் நிமிர்ந்து, பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தவரைக் காட்டினார். "அந்தப் பாயும் இதையேதான் சொல்றாரு."

அவர் பீர் முகைதீன். திருத்தங்கலில் பேப்பர் கடை வைத்திருப்பவர். மகன் தவுபிக் லேபிள் லோடு இறக்க உள்ளே போன பத்தாவது நிமிஷம் வெடித்தது.

மற்றவர்களை எல்லாம் அடையாளம் சொல்லி வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இரண்டு. ஒன்று முழுசாக இல்லை. முழுசாக இருந்ததற்கு முகம் இல்லை. அதன் நெஞ்சில் ஒட்டியிருந்த துணியை மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார்கள்.

"கட்டம்னா எம்புட்டுப் பெரிய கட்டம்? விரல்ல காட்டுங்க," என்று ஏட்டு இருவரையும் கேட்டார்.

முத்துமாரிக்குக் கை எழவில்லை. இரண்டு வருஷமாகத் துவைத்த சட்டை. 'அந்தக் கட்டம் போட்டத எடு' என்று அவன் சொன்னால் கை நேரே அதைத்தான் எடுக்கும். கட்டம் எவ்வளவு பெரிது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பீர் முகைதீனும் விரலை விரித்தார், குறுக்கினார், பிறகு கையைத் தொங்கவிட்டார்.

"நம்மளதுன்னு சொல்லிருங்க மதினி," என்று இருளாண்டி காதருகே சொன்னான். "முழுசாவாச்சும் அண்ணனக் கொண்டுபோயிருவோம்."

அவளுக்கும் அதுதான் ஆசை. ஏட்டு கொடுத்த கவரை வெளிச்சத்தில் பிடித்தாள். துணியின் கருகாத மூலையில் பாதிச் சட்டைப் பை தெரிந்தது. சட்டையின் கோடும் பையின் கோடும் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று ஓடின. அருள்பாண்டியின் சட்டை ரோட்டோரக் கடையில் வாங்கியது. அதில் பைக் கட்டம் ஒரு விரல் தள்ளி நிற்கும். கல்லில் வைத்துச் சோப்புப் போடும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

கவரை நீட்டினாள். "இது அளவு குடுத்துத் தச்சது. எங்க வீட்டுது இல்ல. பாயோட மகன்தான்."

"பெருநாளுக்குத் தச்சதும்மா," என்றார் பீர் முகைதீன். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். இருளாண்டி மதினியைப் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

மிச்சமிருந்தது அண்ணன்தானா என்று பார்க்க, அவன் ரத்தத்தைத்தான் பரிசோதனைக்கு எடுத்தார்கள். இருபத்தாறு நாள் கழித்து ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். திறக்க வேண்டாம் என்றார்கள். ஒரே ஆள் தூக்குகிற கனம்தான் இருந்தது.

சுடுகாட்டுக்கு வெளியே பீர் முகைதீன் வந்து நின்றிருந்தார். முத்துமாரி கிட்டே போனாள்.

"தம்பிய நல்லபடியா அடக்கம் பண்ணுனீகளா பாய்?"

"மறுநாளே பண்ணியாச்சு தாயி," என்றார். புகை அடங்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.