ஆறரை மணிப் பந்தி

"உமக்கு எத்தினை மணிக்குப் பசிக்கும், தங்கச்சி?"

மனுவேல் கேட்டபோது சிவக்கொழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டது தன்னைத்தான் என்று விளங்கவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்த வீட்டில் பசியைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. தகப்பன் அப்பு உயிரோடிருந்தபோது அவருக்குப் பசித்துவிட்டதா, புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைப்புக்கு நிற்கும் ஆட்களுக்குப் பசிக்கப்போகிறதே, மாட்டுக்கு வைக்கோல் போட்டாயிற்றா என்று நாள் முழுவதும் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அவளுடைய பசிக்கும் ஒரு நேரம் இருக்கக்கூடும் என்று நினைத்துக் கேட்ட முதல் ஆள், ஊர்காவற்றுறையிலிருந்து சைக்கிளில் வந்த இந்த மனுவேல்தான்.

அவர் வந்தது கப்பல் விஷயமாக. சிவக்கொழுந்துவின் புருஷன் தியாகலிங்கம் மலாயாவில் ரயில் கந்தோரில் கிளாக்கர். இதுவரை போய்வந்ததெல்லாம் கப்பலின் மேல்தட்டில்தான். அரிசி, பருப்பு, ஒரு சின்ன அடுப்பு, பாய், தலையணை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய், படங்குத் துணிக்குக் கீழே தானே சோறாக்கித் தின்று, தானே சட்டி கழுவிப் போய்ச் சேர்ந்த மனிதர். இந்த முறை பெரிய கிளாக்கராகிவிட்டார். கந்தோரே அவருக்கும் மனைவிக்கும் இரண்டாம் வகுப்பு எடுத்துக் கொடுத்திருந்தது. அப்பு போன ஆடியில் காலமாகிவிட்டதால், சிவக்கொழுந்து வேலணையிலேயே நிற்கவேண்டும் என்பதற்கு இனி ஒரு காரணமும் இல்லை. கூடப்பிறந்த அன்னபூரணம் அக்கா ஒருத்திதான் மிச்சம். அவளோ, "நான் என்ன குழந்தைப்பிள்ளையே? இரவிலை பக்கத்து வீட்டு ஆச்சிமுத்து வந்து படுப்பாள், நீ போ" என்று சொல்லிவிட்டாள். அக்கா தாலியைக் கழற்றி வெகு காலம். அந்த வீட்டுச் சாவிகள் தொங்கும் திறப்புக்கோவையும் அதட்டலும் அவளிடந்தான் இருந்தன.

மனுவேல் இப்போது கப்பல் சீட்டு எடுத்துக் கொடுப்பவர்களிடம் வேலை. அதற்கு முன் கப்பல்களிலேயே சாப்பாட்டு மண்டபத்தில் சோற்றுக் கோப்பை ஏந்தித் திரிந்தவர். கதிரையில் நுனிக்கு இருந்துகொண்டு சொன்னார்:

"எல்லாரையும் ஒரேயடியா இருத்த ஏலாது, கிளாக்கர் ஐயா. அதாலை ரெண்டு பந்தி. முதற்பந்தி பின்னேரம் ஆறரைக்கு. மற்றது எட்டு மணிக்கு. ஏறின அண்டைக்கு எந்தப் பந்தியோ, இறங்குமட்டும் அதே பந்தி, அதே மேசை. இப்பவே கொழும்புக்குச் சொல்லிவிட்டால் நல்லம். இல்லாட்டி அவங்கள் இருத்துற இடத்திலைதான் இருக்கவேணும்."

தியாகலிங்கம் யோசிக்கவே இல்லை.

"இதிலை கேக்க என்ன கிடக்கு? எனக்கு முதற்பந்தி. இவவுக்கு ரெண்டாம் பந்தி."

"அதுதானே முறை," என்று அக்காவின் குரல் குசினியிலிருந்து வந்தது.

மனுவேல் பிடரியைச் சொறிந்தார். சிரிப்பை அடக்குவதற்காகச் சொறிந்தது போலத்தான் இருந்தது.

"அப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை, ஐயா. புருசனும் பெண்சாதியும் ஒரே மேசையிலை, பக்கத்துப் பக்கத்துக் கதிரையிலை இருக்கிறதுதான் அங்கத்தை வழமை."

அக்கா கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அப்ப ஆர் பரிமாறுறது?"

"ஆம்பிளையள், அக்கா. வெள்ளைச் சட்டை போட்ட ஆம்பிளையள்."

"கொழுந்துக்குமோ?"

"அவவுக்குந்தான். முதல் அவவுக்கு வைச்சுப்போட்டுத்தான் ஐயாவுக்கு வைப்பினம்."

"சிவ சிவா! நீயும் உப்பிடித்தான் பரிமாறினனீயோ?"

"எத்தினை துரைசாணிமாருக்கு!"

"சரி, மச்சம் தின்னாத எங்கடை பிள்ளைக்கு என்ன குடுப்பாங்கள்?"

"சைவம் எண்டு சொல்லிவிட்டால் அவிச்ச கிழங்கும் பாணும் வரும்."

"அவிச்ச கிழங்குக்கு ரெண்டு பந்தியோ!" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தியாகலிங்கம் சிரிக்கவில்லை. அவர் நெற்றியைத் தடவியபடி முற்றத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் மனுவேல் கதவடிப் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் வேலை செய்த கப்பல்களில் எல்லோரிடமும் கேட்கிற சாதாரணக் கேள்வியாகத்தான் அது இருந்திருக்கும். சிவக்கொழுந்துவுக்கு மறுமொழி தெரியவில்லை. வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையாகவே தெரியவில்லை.

"யோசிச்சு வையுங்கோ. நாளைப் பின்னேரம் வாறன்," என்று சொல்லிவிட்டு மனுவேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அன்று முழுவதும் அவள் தன் பசிக்காகக் காத்திருந்தாள். மத்தியானம் தோட்டத்து ஆட்களுக்குச் சோறு கட்டி அனுப்பினாள். தேங்காய் துருவினாள். பயணம் சொல்லப் போகுமிடமெல்லாம் கொண்டுபோகப் பயற்றம்பணியாரம் சுட்டாள். நெஞ்சில் எண்ணெய்ப் புகை ஏறியிருந்ததே தவிர, பசி என்று ஒன்று தெரியவில்லை. பின்னேரம் பனையோலை நீத்துப்பெட்டியில் புட்டை அவியவிட்டு, விளக்கு வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கோயிலில் மணி கேட்டது. அந்த நேரத்தில் வயிறு மெல்ல ஒருமுறை பிசைந்தது. கால்கள் தளர்ந்தன. இது அவளுக்குப் பழக்கமானதுதான். இத்தனை வருஷமும் இதை அவள் அலுப்பு என்று நினைத்திருந்தாள். ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். எல்லோரும் சாப்பிட்டு, கதைக்க வந்தவர்களும் எழுந்து போய், கோப்பைகளை ஒதுக்கி அவள் இருக்கும்போது பசி இராது. கை தானாக வாய்க்குப் போய்வரும்.

அது பசிதான் என்று இன்றைக்கு விளங்கியது. இது மகிழ்ச்சியாகவா இருந்தது என்றால் இல்லை. தொலைந்துபோனதாகத் தெரியாத ஒரு பொருள், வீட்டுக்குள்ளேயே இவ்வளவு நாளும் கிடந்ததைக் கண்டது போல இருந்தது.

தியாகலிங்கத்துக்குப் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"நான் தனியவோ அங்கை இருந்து சாப்பிடுறது?" என்று கேட்டாள்.

"இஞ்சையும் அப்பிடித்தானே?"

"இஞ்சை அக்கா இருக்கிறா."

அவர் புட்டைப் பிசைவதை நிறுத்தினார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்சேரும், ஒருத்தருக்கும் சொல்லாதையும். எனக்கு முள்ளுக்கரண்டி பிடிக்கத் தெரியாது. இவ்வளவு காலமும் கையாலை திண்டனான்தானே. நான் முதல் பந்தியிலை போய்ப் பாத்துப் பழகிப்போட்டு வந்து உமக்குச் சொல்லித்தந்தால், நீர் பிழைவிடாமல் இருந்து சாப்பிடலாம். அதுக்குத்தான் அப்பிடிச் சொன்னனான்."

சிவக்கொழுந்துவுக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் பயமில்லாமல் நிற்கிற மனிதர், ஒரு கரண்டிக்குப் பயந்து போயிருக்கிறார். ஆனாலும் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. கடலுக்கு நடுவிலும் ஒரு சின்ன அறையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் சாப்பிட்டு வந்து எப்படி இருந்தது என்று சொல்லும்வரை தான் காத்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். அதை நினைக்கவே உடம்பு அலுத்தது.

"நீங்கள் வந்து சொல்லித்தர முதல் நான் நித்திரையாப் போடுவன்," என்றாள்.

"கப்பலிலை என்ன வேலை கிடக்கு, நித்திரை வர?"

அவள் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் புட்டை வைத்தாள். இனிமேல் செய்யப்போகிற வேலையால் வருகிற நித்திரை அல்ல அது, இவ்வளவு காலமும் செய்த வேலையின் நித்திரை.

பிறகு வழக்கம்போல அக்காவும் தங்கையும் அடுப்படியில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சட்டி. அக்கா சொதியின் தடிப்பான பக்கத்தைக் கரண்டியால் வழித்துத் தங்கையின் கோப்பையில் விட்டாள். தண்ணிப் பக்கத்தைத் தனக்கு விட்டுக்கொண்டாள். அம்மா செத்த நாளிலிருந்து இப்படித்தான். ஒருநாளாவது மாற்றி விட்டதில்லை. அன்றைக்கு வந்தவர்கள் யார் என்ன சொன்னார்கள், யாருடைய நடை எப்படி என்று கதைத்துச் சிரிப்பதெல்லாம் அந்த நேரத்தில்தான். பகலெல்லாம் அதட்டுகிற அக்காவின் குரல் அப்போது மட்டும் இறங்கியிருக்கும்.

"எட்டு மணி நல்லம், கொழுந்து," என்றாள் அக்கா.

"ஏனக்கா?"

"எட்டுக்குத்தானே நாங்கள் சாப்பிட இருக்கிறனாங்கள். நீ அங்கை கதிரையிலை இருக்கேக்கை நானும் இஞ்சை கோப்பையைப் போட்டுக்கொண்டு இருப்பன். கடல்தானே நடுவிலை. பெரிய கதையே?" சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். "வெள்ளைச் சட்டைக்காரன் உனக்குக் கிழங்கு வைப்பான். எனக்கு வைக்கத்தான் ஆளில்லை."

சிவக்கொழுந்து புட்டை அளைந்தாள். அதுதானே முறை என்று அக்கா காலையில் சொன்னது ஏன் என்று இப்போது விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் லேசாக இருந்திருக்கும். எட்டு மணி என்று ஒரு சொல் சொன்னால் போதும், அக்காவின் முகம் மலர்ந்துவிடும். அந்தச் சொல் வாய்க்குள் வரைக்கும் வந்தது. ஆனால் எல்லோருடைய முகத்துக்காகவும் பிந்திப் பிந்தித்தான் இவ்வளவு காலமும் அவள் சாப்பிட்டிருக்கிறாள். அப்புவுக்காக, ஆட்களுக்காக, விருந்தாளிகளுக்காக. இப்போது கப்பலிலும் அக்காவுக்காகவா?

"பாப்பம் அக்கா," என்றாள்.

மறுநாள் பின்னேரம் மனுவேல் சொன்னபடி வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "என்ன முடிவு, ஐயா?" என்றார்.

தியாகலிங்கம் வாயைத் திறக்குமுன் சிவக்கொழுந்து கதவு நிலையை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"எனக்கு விளக்கு வைக்கிற நேரம் பசிக்குது," என்றாள். "ஆறரைக்கு."

அவளுக்கே தன் குரல் வேறொருத்தியின் குரல் போல இருந்தது. வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு படுக்கவேண்டும், அவ்வளவுதான்.

"அப்ப... என்னை எட்டு மணிக்குப் போடும், மனுவேல்," என்றார் தியாகலிங்கம் தடுமாறி.

"தங்கச்சி சாப்பிட்டு முடிய ஐயா போறதோ?" மனுவேல் இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. "போங்கோ, போங்கோ. கப்பலிலை பொழுதுபோக்குக்கு வேறை ஒண்டும் தேவையில்லை. பினாங்கு போய்ச் சேருமட்டும் உங்கடை கதைதான்."

தியாகலிங்கத்தின் காது சிவந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஆனால் பின்னுக்குப் போகவில்லை. அவர் பெருமூச்சு விட்டார்.

"சரி. ரெண்டு பேரையும் ஆறரைக்குப் போடும். பிழை விட்டால் சேந்தே விடுவம்."

"அதுதான் பேச்சு!" என்று மனுவேல் எழுந்தார். "கரண்டி ஒண்டும் பெரிய வித்தையில்லை, ஐயா. வெளிப்பக்கத்திலை இருக்கிறதை முதல் எடுங்கோ. மற்றதெல்லாம் பக்கத்து மேசையைப் பாத்துச் செய்யலாம்."

ரகசியம் வெளியே போய்விட்டதே என்று தியாகலிங்கம் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி இல்லை என்றாள். மனுவேல் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்!

குசினி வாசலில் அக்கா நின்றாள். மனுவேலுக்குக் கொண்டுவந்த கோப்பித் தண்ணி கையில் இருந்தது. எப்போதிருந்து அங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் கத்தப்போகிறாள் என்று சிவக்கொழுந்து நினைத்தாள். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தாள். முறை என்ன, மானம் என்ன என்று நாலு சொல் ஏசினால், பிறகு அழுது சரிக்கட்டிவிடலாம்.

அக்கா கோப்பியை மனுவேலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தாள். ஒரு துளி சிந்தவில்லை.

"அக்கா," என்றாள் சிவக்கொழுந்து. "நீங்களும் ஆறரைக்குச் சாப்பிடுங்கோவன். இனி ஆருக்காகக் காத்திருக்கவேணும்?"

சொன்ன பிறகுதான், அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அக்கா அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை. கழுவி வைத்த சட்டியைப் போல, முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு கூரை வளையில் மாட்டியிருந்த மாட்டுக் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். முற்றத்தைக் கடந்து, படலையைத் திறந்து, திரும்பிப் பாராமல் வெளியே போனாள்.

மாடு அப்போதே கொட்டிலில் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.