இரட்டைப் பரிசல்

அண்ணன் பாண்டியராஜை ஆத்தூர் அணைத் தண்ணீர் கொண்டுபோன நாளிலிருந்து மதியழகன் பரிசலில் ஏறவில்லை. கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குப் பிறகு நாகல் நகரிலிருந்து அவனைக் கட்டிக்கொண்டு வந்த சத்யபிரியாவுக்கு அந்தப் பார்வைதான் பயம். சும்மா ஒரு சுற்றுப் போய்வந்தால் மனசு தெளியும் என்று நச்சரித்து ஒரு மத்தியானம் கிளப்பிவிட்டாள்.

கல்யாணத்துக்கு அடித்த பிளெக்ஸைப் பாயாகக் கட்டலாம் என்றதும் அவள்தான். ஒற்றைப் பரிசலில் பாய் கட்டினால் பம்பரமாகச் சுற்றும், இரண்டைச் சேர்த்துக் கட்டினால் நேராகப் போகும் என்றான் அவன். கரையில் கவிழ்ந்து கிடந்த இன்னொரு பரிசல் அண்ணனுடையது. தண்ணீரில் போனவனுக்குக் காரியம் முடியும்வரை அவன் பரிசலை நிமிர்த்தக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். உடல் கிடைக்காததால், மகன் வருவான் என்று மாமியார் காரியம் செய்யவே விடவில்லை. சத்யபிரியா அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே நிமிர்த்திவிட்டாள்.

கீழ்க்காற்றில் பிளெக்ஸ் உப்பியது. ஆறு வந்து சேரும் மலைப்பக்கம் நோக்கிப் பரிசல்கள் ஆடி அசைந்து ஏறின. முறுக்கைக் கடித்தபடி, "மாப்பிள்ளை கன்னத்தப் பாரு, பொன்னுக்குவீங்கி வந்த மாதிரி" என்று பாயிலிருந்த அவன் படத்தைக் காட்டிக் கேலி செய்தாள். அவனும் சிரித்தான்.

கரைகள் நெருங்கிய இடத்தில் காற்று நின்று, பாய் துவண்டது. பரிசல்கள் நிற்கவில்லை. இறங்கி வரவேண்டிய ஆற்றுத்தண்ணீர், நுரையும் சருகுமாக மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துக் காலிப் பரிசல் ஒருபுறம் சாய்ந்து, விளிம்பு நனையும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை.

திரும்பலாம் என்றாள். மதியழகன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான்.

"அவன் எப்பவும் அந்தப் பக்கந்தான் சாஞ்சு உக்காருவான்."

வலைக்கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். யாரோ இறங்கியதுபோல் காலிப் பரிசல் சட்டென்று உயர்ந்தது. அடுத்த கணம் இவர்கள் பரிசலின் அடியில் ஏதோ உரசியது. எதிர்ப்பக்க விளிம்பு மெல்லத் தாழ்ந்தது. அவன் நகர்ந்து இடம்விட்டான்.

"செத்த ஒதுங்கு பிரியா. அண்ணன் ஏறட்டும்."

அவள் ஒதுங்கவில்லை. அவன் விட்ட இடத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவன் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். பார்த்தேயிராத ஒருவரிடம், தண்ணீரைப் பார்த்துப் பேசினாள்.

"பெரிய மச்சான், இங்க ரெண்டு பேருக்குத்தான் இடம். ஒங்களுக்குச் செய்ய வேண்டியத நான் செய்ய வைக்கிறேன். இவர விட்டுருங்க."

விளிம்பு அப்படியே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு, கை எடுத்ததுபோல், நிமிர்ந்தது.

தண்ணீர் அணைப்பக்கமாக ஓடத் தொடங்கியது. காலிப் பரிசல் மட்டும் அதை எதிர்த்து, மலைப்பக்கம் தனியாக ஏறிப்போனது. அது வளைவில் மறையும்வரை மதியழகன் பார்த்திருந்தான். பிறகு துடுப்பை எடுத்தான்.

கரை தெரிந்தபோது கேட்டான்.

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றாள். சட்டையை இன்னும் விடவில்லை.