ஐந்துக்கு ஐந்து

துயரத்தில் விழுந்த மனிதர்கள் எப்படி எழுந்து நிற்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆலைத் தீயில் உறவுகளைப் பறிகொடுத்த நாற்பது பேரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேடிப்போய், இருபது கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று குறித்து வருவாள். மொத்தம் நாற்பதுக்குக் கீழே போனால் மனநல மருத்துவரிடம் அனுப்புவது ஏற்பாடு. அதைப் பதில் சொல்பவரிடம் மூச்சுவிடக் கூடாது என்பது விதி.

கணவனை இழந்த தையல்காரம்மா எண்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. அவரைப் பற்றிப் பேசித்தான் போன வாரம் கருத்தரங்கில் கைத்தட்டல் வாங்கியிருந்தாள்.

நான்காம் முறை போனபோது தையல் மெஷின்மேல் போர்த்திய துணியில் தூசி படிந்திருந்தது. போன முறையும் இப்படித்தான் இருந்ததோ? அவள் படிவத்தை மட்டுமே பார்த்திருந்தாள்.

"நல்லாத் தூக்கம் வருதாக்கா? எத்தனை போடலாம்?"

"அஞ்சு போட்டுக்கோம்மா."

அவள் மலர்ந்து போய் ஐந்தை வட்டமிட்டாள்.

"அஞ்சாம் அஞ்சு!" என்றாள் உள்ளேயிருந்து வந்த மகள். "ரெண்டு வருஷமா கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருக்கே. மெஷினைத் தொட்டு எத்தனை நாளாச்சு?"

"சும்மா இருடி. பாவம், அந்தப் பொண்ணு ரெண்டு பஸ் மாறி வருது. மொத தடவை ரெண்டுன்னுதான் சொன்னேன். மூஞ்சி தொங்கிப்போச்சு. 'நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா'ன்னுச்சு. நாலுன்னேன். எப்படிச் சிரிச்சுது தெரியுமா!"

அவளுக்குக் காது மடல்கள் எரிந்தன. அந்தச் சிரிப்பு அவளுக்கும் நினைவிருந்தது. கனிவு என்றல்லவா அதை நினைத்திருந்தாள்!

பேனாவைக் கீழே வைத்தாள். விதியை மீறி, மருத்துவரைப் பற்றிச் சொன்னாள்.

தையல்காரம்மா சிரித்தார். "அடக் கடவுளே, ஃபெயிலானாத்தான் டாக்டரா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா எல்லாத்துக்கும் ஒண்ணே போட்டிருப்பேனே."

"உங்களைக் கூட்டிட்டுப் போறது என் பொறுப்புக்கா. நாளைக்கே." புதுப் படிவமொன்றை எடுத்து அவரிடமே நீட்டினாள். "இதை நீங்களே எழுதுங்க. என் மூஞ்சியைப் பார்க்க வேணாம்."

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பின்னால் பேனா ஊர்ந்தது, நின்றது, வெகுநேரம் நின்றது, மறுபடி ஊர்ந்தது.

"முடிஞ்சிருச்சு கண்ணு. திரும்பு."

அவளால் உடனே திரும்ப முடியவில்லை. இன்னும் முப்பத்தொன்பது வீடுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இதே முகத்தோடுதான் சிரித்திருந்தாள்.