சிவப்பு நூல் கட்டிய டப்பா

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வெட்கம் என்பது அறவே போய்விட்டது என்று திருவேங்கடத்துக்குத் தீராத குறை. பால்காரன் தண்ணீரை ஊற்றிவிட்டு முகத்துக்கு நேரே சிரிக்கிறான். மண்டிக்காரன் காயை எடை போடும்போது வேறெங்கோ பார்க்கிறான். டாக்டர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி எழுதுகிறான். புத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ரூபா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

வடமாலைப்பேட்டை தாண்டியதும் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "அல்லாரும் திருடன், நீ ஒருத்தன்தான் உத்தமன். வுடு நைனா."

அப்பனும் மகளும் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது.

கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் திருவேங்கடத்துக்கு மூன்று ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு. போன தை மாசம் மரம் தெரியாமல் பூத்தது. பூவோடு தேன்பூச்சியும் வந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு, தொட்டால் தத்தும்; பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டு இலையெல்லாம் பிசுபிசுவென்று ஆக்கிவிடும். நாலு தடவை மருந்து அடித்தார். பூச்சி சாகவில்லை. பூவெல்லாம் கரி பூசினாற்போல் கறுத்துக் கொட்டியது. மருந்து வாங்கியது சொந்த மருமகன் பிரபாகர் புத்தூரில் வைத்திருக்கும் கடையில். மிச்ச மருந்தோடு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், ஆட்கள் நிற்கும்போது கடை வாசற்படியில் போட்டு உடைத்தார். "மாமனாருக்கே டூப்ளிகேட் குடுக்கிறவன் ஊருக்கு இன்னாத்த குடுப்பான்!" என்று கத்திவிட்டு வந்தார். அன்றைக்குப் போன வாடிக்கை பாதிக்குமேல் திரும்பவில்லை. ரூபாவும் அப்பன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இப்போது அவள் குழந்தை தரணிக்குக் காது குத்து வருகிறது. ரூபாவுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. மாமன் இல்லாத குழந்தை தாத்தா மடியில்தான் உட்கார வேண்டும். அதற்கு அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். திருப்பதியில் பூச்சியைப் பிடித்து மருந்தைச் சோதிக்கிறார்கள். மருந்து டூப்ளிகேட் என்று வந்தால் புருஷனைக் கடையை மூடச் சொல்வாள். மருந்து அசல் என்று வந்தால் நைனா அதே வாசற்படியில் நின்று, அதே வாயால், தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

மூன்று நாளைக்கு முன்பு அங்கிருந்து சோதனைக்காரப் பெண் யமுனா தோப்புக்கே வந்தாள். நகரியில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். தோப்பில் வலை போட்டுப் பூச்சி பிடித்தாள். பிறகு ஏரிக்கரையில் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும் மாமரத்துக்குப் போய் அங்கேயும் பிடித்தாள். அந்த மரத்துக்கு எவரும் எந்தக் காலத்திலும் மருந்து அடித்ததில்லை. இரண்டு டப்பாவில் போட்டு, வாயைத் துணியால் மூடி நூல் கட்டினாள்.

"தாத்தா, அப்புறம் நான் மாத்திட்டேன்னு சொல்லக்கூடாது. சிவப்பு நூலு உன் தோப்பு. வெள்ளை நூலு ஏரிக்கரை. பார்த்துக்கினியா?"

"பார்த்தேன், பார்த்தேன்."

"எத்தினி வருசமா இந்த ஒரே மருந்து அடிக்கிற?"

"எட்டு வருசம். ரெண்டு மூடி ஊத்தச் சொன்னா நாலு மூடி ஊத்துவேன். நமக்குக் கஞ்சத்தனம் கிடையாது."

"அதான். பூச்சி மருந்துக்குப் பழகிப் போயிருக்கும்."

திருவேங்கடத்துக்குச் சுருக்கென்றது. மருந்து உள்ளே போவதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டாளே! மருமகன் இவளுக்கு என்ன கொடுத்தானோ. அவள் பம்ப் ஷெட்டுக்குக் கை கழுவப் போன நேரத்தில் இரண்டு முடிச்சையும் அவிழ்த்து, நூலை மாற்றிக் கட்டினார். இப்போது சிவப்பு நூல் டப்பாவில் இருந்தது ஏரிக்கரைப் பூச்சி. எழுதி வைத்ததை ஒப்பிக்கிறவளாக இருந்தால் சிவப்பு சாகவில்லை, வெள்ளை செத்தது என்பாள். பிடித்துவிடலாம். மருந்தையும் அவர் ரூபாவுக்குத் தெரியாமல் வேறோர் ஆளை அனுப்பிப் பிரபாகர் கடையிலேயே வாங்கி, மூடி உடைக்காமல் யமுனாவிடம் கொடுத்தனுப்பினார்.

திருப்பதி ஆய்வுக்கூடத்தில் குளிர் அடித்தது. மேஜை மேல் வரிசையாகக் கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொன்றிலும் மருந்தில் முக்கி உலர்த்திய மாவிலை, அதன்மேல் பூச்சிகள். பூச்சியை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. யமுனா முகத்தில் குழப்பம் இருந்தது.

"மருந்து நல்லா வேலை செய்யுதுக்கா," என்று ரூபாவிடம்தான் சொன்னாள். "சிவப்பு நூல்ல முப்பது விட்டேன். பாட்டில்ல போட்டிருக்கிற அளவுக்கே முப்பதும் செத்துப்போச்சி. தாத்தா தோப்புப் பூச்சி மருந்துக்குப் பழகவே இல்ல."

ரூபா கண்ணை மூடித் திறந்தாள். ஒரு வருஷத்து மூச்சு வெளியே வந்தது.

"ஆனா ஏரிக்கரைதான் புரியல. முப்பதுல நாலுதான் செத்திருக்குது. அஞ்சு மடங்கு ஊத்தினேன், அப்பவும் பாதி உசிரோட கீது. மருந்தே பார்க்காத மரம். எங்கிருந்து வந்துதுன்னு ரெண்டு நாளா மண்டைய ஒடைச்சிக்கினு கீறேன்."

திருவேங்கடம் சிரித்தார். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இதற்குத்தானே மூன்று நாளாகக் காத்திருந்தார்.

"ஏம்மா, இம்மாம் படிச்சியே! வெள்ளை நூலுதான் என் தோப்புப் பூச்சி. நீ கை கழுவப் போனப்ப நான்தான் மாத்திக் கட்டினேன். என் பூச்சி சாவலன்னு இப்ப உன் வாயாலயே சொன்னியா இல்லியா? அஞ்சு மடங்கு ஊத்தியும் சாவல! அப்ப அது டூப்ளிகேட்டா, இல்லியா?"

யமுனா தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரூபாதான் கேட்டாள். "ஏரிக்கரைப் பூச்சி இன்னாத்துக்கு நைனா செத்துது?"

"இன்னா?"

"அதே பாட்டிலு. நீ அனுப்பிச்ச பாட்டிலு. அது டூப்ளிகேட்னா ஏரிக்கரைப் பூச்சி முப்பதும் எதைத் துன்னு செத்துது?"

சிரிப்பு அவர் வாயிலேயே நின்றது.

"தாத்தா," என்றாள் யமுனா. குரலில் கோபம் இல்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. "எட்டு வருசமா நீ அடிச்சதுல சாவாம தப்பிச்சது மட்டும்தான் குட்டி போட்டிருக்குது. அதுங்களுக்கு இந்த மருந்து தண்ணி மாதிரி. வேற மருந்து எழுதித் தரேன். இந்த வருசப் பூவையாவது…"

"ஆங், எழுதுவ. எழுதி உங்க ஆளு கடைக்கே அனுப்புவ." துண்டை உதறித் தோளில் போட்டார். "எட்டு வருசமும் அவன் டூப்ளிகேட்ட ஊத்தி ஊத்தியே என் பூச்சிய வளர்த்து வுட்டான். இன்னிக்கு அசல் பாட்டிலு வந்தா சாவுமா அது?"

"அவரு கடை வெச்சே மூணு வருசம்தான் ஆவுது," என்றாள் ரூபா.

அவர் துண்டை இன்னொரு தடவை உதறினார்.

"சரி நைனா. நீ வாணாம். சித்தப்பா மவன் எத்திராஜும் மாமன் முறைதான், அவன் மடியில ஒக்கார வெச்சிக்கிறேன்."

அழுதிருந்தால் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். அவள் அழவில்லை. தேதி சொல்வதுபோலச் சொன்னாள். அவர் வாயில் ஏதோ ஒன்று வந்தது. குழந்தையின் பேராக இருக்கலாம். அதை விழுங்கினார்.

"வெச்சிக்கோ," என்றார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. வளாகத்து மாமரங்கள் பூத்து நின்றன. ஒரு கொத்துகூடக் கறுத்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். ஒரே பாட்டிலைத்தான் ஊற்றினாள் என்பதற்கு யமுனாவைத் தவிர யார் சாட்சி? ஊற்றும்போது இவர் நின்று பார்த்தாரா? நூல் மாற்றியது அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. ஏன் தெரியாது? பம்ப் ஷெட் கதவில் விரல் நுழைகிற சந்து இருக்கிறது. பார்த்துக்கொண்டே நின்றிருப்பாள். நூல்காரி மகள், முடிச்சு மாறினது தெரியாமலா போகும்.

பின்னால் காலடி கேட்கிறதா என்று ஒருமுறை நின்றார். இல்லை. பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.