ஆளுக்கு ஆள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லையென்றால் அவள் வீட்டிலிருந்து இன்னொருத்தி வந்து நின்றால் போதும். தங்கை, நாத்தனார், மகள், யாராக இருந்தாலும் சரி. படுத்திருப்பவள் பேரில் வருகை விழுந்துவிடும். ஆள் அனுப்பாமல் ஒரு வாரம் படுத்தாளோ, தொலைந்தது. அவள் இடத்தில் வேறு எவளாவது நிற்பாள்.

அதனால்தான் இஸ்திரி மெஷினில் வலது கை பட்டு உள்ளங்கையெல்லாம் வெந்துபோனபோது, அங்கே வேலை பார்த்த அம்மா துளியும் யோசிக்காமல் மகளை அனுப்பினாள். மகளைத் தெருவே வாயாடி என்றுதான் கூப்பிடும். அரசுக் கல்லூரியில் முதல் வருஷம். கட்டணம், புத்தகம், பஸ் எல்லாம் அரசு கொடுத்த உதவித்தொகையில் ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் இல்லையென்றால் அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதிக்க யாருக்கு வக்கிருந்தது?

"காலேஜ் எங்கடி ஓடிப்போகுது? கை ஆறுற வரைக்கும் எனக்குப் பதிலா போய் நில்லு" என்றாள் அம்மா.

"சரிம்மா" என்றாள் மகள். அத்தனை பேசுகிறவள் அதோடு நிறுத்திக்கொண்டாளே என்று இந்த மனுஷிக்கு அப்போது உறைத்திருக்கக் கூடாதா? உறைக்கவில்லை.

கை ஆறுவதற்கு ஒரு மாதம் பிடித்தது. அம்மா வேலைக்குத் திரும்பினாள், மகள் வகுப்புக்குத் திரும்பினாள். அடுத்த வாரமே கல்லூரி ஆபீஸிலிருந்து இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள்.

"வருகை குறைஞ்சுட்டா உதவித்தொகை நின்னுடும்மா. இந்த வருஷத்துக்கு இனி கிடையாது. சொந்தமா கட்டணம் கட்டினா படிக்கலாம்" என்றார் கிளார்க்.

சொந்தமாகக் கட்டுவதாவது! அம்மா மேஜையை நெருங்கி நின்றாள்.

"எனக்குத்தான் சார் உடம்பு முடியல. டாக்டர் சீட்டு வேணா கொண்டாரேன்."

"சீட்டு பொண்ணு பேர்ல இருந்தாதாம்மா செல்லும். உடம்பு முடியாதது உங்களுக்கு."

சட்டென்று அம்மாவின் முகம் தெளிந்தது.

"அப்போ ஒண்ணு பண்றேன் சார். எனக்காக அவ வந்து நின்னா. அவ விட்ட நாளுக்கெல்லாம் நான் வந்து உக்காந்துடறேன். என் வார லீவு நாள்ல எல்லாம் வந்து கழிச்சுடறேன். கடைசி பெஞ்சு போதும், மூச்சு விட மாட்டேன்."

பக்கத்து மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிளார்க் சிரிக்கவில்லை.

"இங்க ஆளை மாத்திக்க முடியாதும்மா."

"ஏன் சார்? உசிரு விவகாரம் நடக்கற ஆஸ்பத்திரியிலேயே ஒத்துக்கறாங்களே!"

மகள் அம்மாவின் தோளைத் தொட்டு, "போதும், வாம்மா" என்றாள்.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா நின்றாள்.

"இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும். சேர்ந்த அன்னைக்கே சொன்னாங்க."

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை ஓங்கிவிட்டாள்.

"அறிவு கெட்டவளே! ஊர்க்கதையெல்லாம் பேசற வாய்க்கு இதைச் சொல்ல என்ன கேடு?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? வெந்த கையோட நீயே போயிருப்ப."

ஓங்கிய கை அப்படியே நின்றது. உள்ளங்கையில் புதுத்தோல் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் அம்மா. பொய் வரவில்லை.

"ஆமாண்டி, போயிருப்பேன்! கைதானடி! போனா போகுது, வெறும் கைதானடி!"

பாடம் நடந்துகொண்டிருந்த வகுப்புகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பார்த்தால் பார்க்கட்டும் என்று அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.